முப்பத்தோராம் நாளுக்கு முன்: நினைவு மலர் தொகுக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்திலும், அங்கிருந்து பெயர்ந்து ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், சூரிச், சிட்னி முதலிய நகரங்களிலும் வாழ்ந்து, அண்மையில் பாட்டனாரை இழந்து, அவருக்கு நினைவு மலர் தொகுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் பேரப்பிள்ளைகள் அனைவருக்கும்,

ஈழத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் நிகழும் சடங்கு அந்தியேட்டி எனப்படும். இறுதி வேள்வி என்று பொருள்படும் வடசொல்லின் தமிழ் வடிவம் அது. கீரிமலைக் கடற்கரையிலோ வேறொரு தீர்த்தக்கரையிலோ கிரியைகள் முடிந்து, வீட்டில் மதிய உணவும் முடிந்து, வந்தவர்கள் எழுந்து புறப்படும் வேளையில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறுநூல் கொடுக்கப்படுகிறது. முற்காலத்தில் அதற்குக் கல்வெட்டு என்று பெயர்; இன்று நினைவு மலர் என்கிறார்கள். விற்பனைக்கு வராமலும் மதிப்புரை பெறாமலும் தலைமுறை தலைமுறையாக அச்சாகிவரும் இந்நூல்களில், மறைந்தவர் ஆணாயின், இரண்டு அடைமொழிகள் ஏறத்தாழத் தவறாமல் இடம்பெறுகின்றன: அன்புக் கணவர், இறைபக்தி மிக்கவர். இவ்விரண்டும் பொய் அல்ல. ஆயினும் எல்லார்க்கும் ஒன்றுபோல் வழங்கப்பட்டுவிட்டமையால் எவரையும் தனித்துச் சுட்டும் ஆற்றலை இழந்துவிட்டவை. கணவராகவும் அடியவராகவும் ஒரு மனிதர் அறுபது ஆண்டுகள் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அடைமொழியால் அன்றிச் செயலாலும் இடத்தாலும் நாளாலும் பதிவுசெய்யவேண்டும் என்பதும், அதற்கான முதற் சான்று அவருடைய மனைவியின் வாயில் இருக்கிறது என்பதுமே இம்மடலின் வாதம்.

கல்வெட்டு என்ற பெயர் இவ்விடத்தில் தற்செயலாக ஒட்டிக்கொண்டதன்று. போரில் மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் அவன் செய்த செயலையும் பொறித்து, நாளும் வழிபட்டது சங்ககால மரபு. அக்கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரையிலான படிகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. தமிழகத்தில் கிடைத்துள்ள நடுகற்கள் பலவற்றில் புகழுரை மிகக் குறைவு. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறுவை, அதாவது ஆநிரையை, மீட்கும்போது எவருடைய மகன் பட்டான் என்ற செய்தி மட்டுமே நாலைந்து வரிகளில் வெட்டப்பட்டிருக்கும். கல்லில் இடம் குறைவு. ஆதலால் வெட்டுவோன் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு அடைமொழியை விட்டான். தாளில் இடம் தாராளமாகக் கிடைத்தபோது நேர்ந்தது இதற்கு நேர்மாறானது என்று சொன்னால் யாழ்ப்பாணத்துப் புலவர்கள் சிலர் வருந்தக்கூடும். எனினும் சொல்லாதிருக்க இயலாது.

தாளில் அச்சான பழைய கல்வெட்டுகள் செய்யுளில் அமைந்தவை. இறந்தோர்மீது பாடப்படும் செய்யுளைச் சரமகவி என்பர். கல்வெட்டு அதன் விரிந்த வடிவம். விநாயகர் துதியில் தொடங்கி, ஊரின் வளம் பாடி, குடிவழி உரைத்து, இறந்த நாளைத் திதி வெண்பாவில் நிலைநிறுத்தி, அதன்பின் புலம்பல் என்ற பகுதிக்கு அது வந்துசேரும். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என உறவுமுறைப்படி அடுக்கப்பட்ட விருத்தங்களை ஊர்ப் புலவர் ஒருவர் பாடிக்கொடுக்க, அந்தியேட்டி நாளில் அவை சபையில் இசையோடு படிக்கப்பட்டன. படிக்கும்போது வீட்டின் உட்புறத்தில் அழுகை எழும். அந்த அழுகை உண்மையானது. ஆனால் அழுகையை எழுப்பிய சொற்கள் அழுதவளுடையவை அல்ல. தன்மை இடத்தில், மனைவியே பேசுவதுபோல் அமைந்த அப்புலம்பலை எழுதியவர், அந்த வீட்டின் அடுக்களைக்குள் ஒருநாளும் நுழைந்திராத ஓர் ஆண். அவர் சென்ற மாதம் அடுத்த ஊரில் வேறொரு கைம்பெண்ணுக்கு எழுதிய விருத்தத்தில் பெயரை மட்டும் மாற்றினாலும் வேறுபாடு தெரியாது.

தமிழ் மரபு தொடக்கத்திலேயே இவ்வாறு இருந்ததில்லை. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்துவதைக் கையறுநிலை என்றும், கணவன் இறந்தபின் மனைவி உறும் துயரத்தை ஆனந்தப்பையுள் என்றும் புறப்பொருள் இலக்கணம் துறைகளாகப் பிரித்தது. பாரியை இழந்த கபிலரின் பாடல்கள் முன்னதற்குப் பேர்பெற்றவை. பின்னதற்குப் புறநானூற்றின் 246ஆம் பாடல் சான்று. பாடியவர் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு. ஈமத்தீயில் புகவேண்டாம் எனத் தடுத்த சான்றோர் கூட்டத்தை விளித்து அவர் பேசுகிறார். ஒருவகையில் தமிழின் மிகப் பழைய திறந்த மடல்களுள் அதுவும் ஒன்று. தீப்புகும் முடிவை இன்று எவரும் போற்றவேண்டியதில்லை. கவனிக்கவேண்டியது அந்தப் பெண் தேர்ந்த சொற்கள். கணவனின் கொடையையோ வீரத்தையோ அவர் அடுக்கவில்லை. கைம்மை நோன்பில் உண்ணவேண்டிய நெய்யற்ற நீர்ச்சோற்றையும், எள்ளுத் துவையலையும், புளியிட்டு வெந்த வேளைக்கீரையையும், பாயின்றிப் பரற்கல்லில் கிடக்கும் படுக்கையையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பொருள்களின் வழியாகத் துயரம் பேசுகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பாடல் நெஞ்சைத் தொடுவதற்கு அதுவே காரணம்; ‘ஆற்றொணாத் துயர்’ என்ற தொடர் எவரையும் தொடாததற்கு அது இல்லாமையே காரணம்.

உறவுச்சொல் ஒன்றைப் பற்றிய சிறு விலகல் இங்குப் பொருந்தும். யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்களில் எண்பது வயது முதியவர் ‘பாசமிகு பேரனும்’ என்று குறிக்கப்படுவதைக் காணும் தமிழகத்து வாசகர் திகைப்பார், ஏனெனில் அவருக்குப் பேரன் என்பவன் மகனின் அல்லது மகளின் மகன். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் பெயரன்; அது மருவிப் பேரன் ஆயிற்று. ஈழத்து வழக்கில் அச்சொல் இருபுறமும் செல்கிறது: பெயரைக் கொடுத்தவரும் பேரன், பெற்றவனும் பேரன், பாட்டி பேத்தி, பேரனுக்கும் மூத்தவர் பூட்டன். வீட்டில் அழைக்கும்போது அப்பப்பா, அம்மப்பா என்று தந்தைவழியும் தாய்வழியும் தெளிவாகப் பிரிக்கப்பட்டாலும், எழுத்தில் இருவரும் பேரனே. கொடுத்தவரும் கொண்டவரும் ஒரே பெயரால் வழங்கப்படும் அவ்வுறவுக்குச் சடங்கிலும் தனியிடம் உண்டு. உடலைச் சுற்றி நின்று பந்தம் பிடிப்பது, அதாவது நெய்யில் தோய்த்த திரிச்சுடரை ஏந்துவது, பேரப்பிள்ளைகளின் கடன். அவ்வேளையில் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணப் பகுதியின் இருபது பாடல்களைப் பாடி உரலில் சுண்ணம் இடிப்பார்கள். பந்தம் பிடித்தவர்களே பின்னர் மலரையும் தொகுக்கிறார்கள். கணினியில் தமிழ் எழுத்தும் படமும் கோக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பது உடனடிக் காரணமாயினும், மரபுக்கு அது முரணன்று.

கணவர் என்ற முறையில் அவரைப் பதிவுசெய்வது எவ்வாறு? இருபதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்து இல்லறத்தின் ஒரு பெரும்பகுதி பிரிவில் நடந்தது என்ற வரலாற்று உண்மையிலிருந்து தொடங்கவேண்டும். குடாநாட்டின் நிலம் போதாமையாலும் ஆங்கிலக் கல்வி பரவியமையாலும் எழுதுவினைஞர், தபாலதிபர், ஆசிரியர், புகையிரத நிலைய அதிபர் முதலிய உத்தியோகங்களை நாடி ஆண்கள் கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் சென்றார்கள். சிலர் பிரித்தானியர் ஆண்ட மலாயாவுக்கும் சென்றார்கள். 1905இல் காங்கேசன்துறை வரை நீண்ட இருப்புப்பாதையும், 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியும், இரவு மெயில் வண்டியும் அந்தக் குடும்பங்களின் நாட்காட்டியை வகுத்தன. மனைவி ஊரில் பிள்ளைகளோடும் மாமியாரோடும் இருப்பார். கணவர் விடுமுறைக்கு வருவார். இடைப்பட்ட மாதங்களில் கடிதமும் காசுக்கட்டளையும் வரும். காசுக்கட்டளை என்பது தபாலகத்தின் வழியாகப் பணம் அனுப்பும் முறை.  மலர் தொகுப்போர் பழைய இரும்புப் பெட்டிகளில் காசுக்கட்டளைச் சீட்டுகளைத் தேடுவது நன்று. மாதந்தவறாமல் பணம் அனுப்பிய ஒருவரின் கையெழுத்துத் தாங்கிய சீட்டு ஒன்றை அச்சிட்டால், அன்புக் கணவர் என்ற அடைமொழியை அந்தப் பக்கத்தில் எழுதவே தேவையிராது. எட்டு ஆண்டுகள் தனியறையில் சமைத்துண்ட ஒருவர், ஊர் வந்த நாளில் மனைவிக்கு முன்பாக அடுக்களைக்குள் புகுந்து தேநீர் வைத்தார் என்பது போன்ற செய்தி எந்தக் குடும்பத்தில் உண்டோ அந்தக் குடும்பம் அதனை இழந்துவிடக்கூடாது.

பிரிவுக்குப் பின் வந்தது போரால் நேர்ந்த இடம்பெயர்வு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பின்னர்ப் பல ஆண்டுகள் கீரிமலையில் கிரியை செய்வதும் பலருக்கு இயலாதிருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. முதிய தம்பதியர் அந்தப் பாதையை எப்படிக் கடந்தார்கள், யார் யாரைத் தாங்கினார், எதை எடுத்துச் சென்றார்கள், எதை விட்டுச் சென்றார்கள் என்பவை அவர்களுடைய இல்லறத்தின் மெய்யான வரலாறு. அவை மலர்களில் ‘நாட்டின் சூழ்நிலை காரணமாக இடம்பெயர்ந்து’ என்ற ஒற்றைத் தொடராகச் சுருங்கிப்போகின்றன. சைக்கிள் கரியரில் மனைவியை இருத்தி, தாம் ஏறாமல் அதனைத் தள்ளிக்கொண்டு நடந்த கணவர்கள் அந்நாளில் பலர். அத்தகைய ஒருவர் மறைந்தபின் அவரது மலரில் இடம்பெறவேண்டியது, அவர் எந்தச் சந்தியில் நின்று மனைவிக்குத் தண்ணீர் தேடினார் என்ற செய்தி.

பக்தியைப் பற்றி எழுதும்போது இடர்ப்பாடு இன்னும் பெரிது, ஏனெனில் நம்பிக்கை அகத்தே நிகழ்வது. அதற்குப் புறத்தே கிடைக்கும் சான்று பழக்கம் ஒன்றே. யாழ்ப்பாணச் சைவத்தில் பழக்கங்களுக்குக் குறைவில்லை. விடியற்காலையில் பூ ஆய்வது, குளித்து நீறு பூசுவது, படுக்கும்முன் சிவபுராணம் ஓதுவது என்பவை அன்றாடம். கோயிலில் பூசை நிறைவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடல் பாடுவதைப் பஞ்சபுராணம் ஓதுதல் என்பர். ஓர் ஊரில் அதனை ஓதுபவர் இவர்தான் என்று வழக்கமாகிவிட்ட மனிதர்கள் உண்டு. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க இருள் பிரியாத ஒழுங்கைகளில் பாடிச்செல்லும் குழுவில் சங்கு யார் கையில் இருந்தது என்பதை அந்த ஊர் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் சொல்லும்.

இவை அனைத்திலும் தனித்து நோக்கத்தக்கது புராண படனம். கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணத்தையும் சேக்கிழாரின் பெரியபுராணத்தையும் கோயில் மண்டபத்தில் ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் அடிதோறும் உரை விரிப்பார். உரை விரிப்பதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். யாழ்ப்பாணத்தின் பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பெயரிட்டழைத்ததற்கு இந்த வழக்கமே அடித்தளம். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்ட கமக்காரர் ஒருவர், பகலில் துலா மிதித்துப் புகையிலைக்கு நீர் இறைத்துவிட்டு, மாலையில் சூரபன்மன் வதைப் படலத்துக்குப் பயன் சொல்லும் அளவுக்குத் தமிழ் கற்றிருந்தது அந்த மண்டபங்களில்தான். மறைந்தவர் அத்தகையவராயின், ‘சமயப் பற்றாளர்’ என்பது அவரைக் குறைத்துச் சொல்வதாகும். அவர் வாசித்தாரா, பயன் சொன்னாரா, யாரிடம் கற்றார், எந்தப் பதிப்பை வைத்திருந்தார், அந்தப் பிரதியின் ஓரங்களில் பென்சிலால் என்ன எழுதியிருந்தார் என்று தேடவேண்டும். ஓரக்குறிப்புள்ள பக்கம் ஒன்றைப் படமெடுத்து மலரில் சேர்ப்பது, கடையில் வாங்கிய சுவாமி படங்கள் பத்தினும் மேல்.

நம்பிக்கை ஐயத்தோடும் கலந்தே வாழும் என்பதையும் மலர்கள் மறைக்கின்றன. பிள்ளையைப் போரில் இழந்த பின் ஓராண்டு கோயில் வாசலை மிதிக்காதிருந்து மீண்டும் சென்றவரின் பக்தி, ஒருநாளும் தளராதவரின் பக்தியைவிடக் குறைந்ததன்று. அந்த ஓராண்டைத் தவிர்த்துவிட்டு எழுதினால், திரும்பிச் சென்ற நாளின் பொருளும் போய்விடும். விரதங்கள் பற்றியும் இவ்வாறே. கந்தசட்டியின் ஆறு நாளும் நீராகாரத்தோடு நோன்பிருந்தவர் நீரிழிவு வந்தபின் மருத்துவரின் சொற்படி விட்டாரா, விடாமல் மனைவியோடு வழக்காடினாரா என்பதில் கணவரும் அடியவரும் ஒரே இடத்தில் வெளிப்படுகிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் பிரதட்டை செய்தவருக்கு, அதாவது கோயில் வீதியில் உருண்டு வலம்வந்தவருக்கு, பின்னால் நடந்து ஈரவேட்டிக்கு மாற்றுவேட்டி ஏந்தி வந்தவர் யார்? பெரும்பாலும் மனைவி. அவருடைய பக்தி எந்த மலரிலும் இல்லை.

கூறுவதற்குக் கசப்பான ஒன்றும் உண்டு. சாதியின் பேரால் கோயில் முதலிய பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1957இல் வந்தது. அதன் பின்னும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நுழைவு கோரி அறப்போராட்டம் நடந்தது. அக்காலத்தில் வளர்ந்த ஆணாக இருந்த ஒவ்வொரு பக்தரும் அந்தக் கதவின் ஏதோ ஒரு பக்கத்தில் நின்றவரே. உள்ளே நின்று தடுத்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு அதனை எழுதுவது கடினம். பின்னாளில் அவர் மனம் மாறியிருந்தால் அதை எழுதுவதற்காகவேனும் முன்னதை எழுதவேண்டும். வெளியே நின்றவரின் குடும்பத்துக்கு வேறொரு கடமை இருக்கிறது. கதவு மூடிய தெய்வத்தை விடாது வழிபட்டவரின் நம்பிக்கை எத்தகையது என்பதைச் சைவ உலகம் இன்னும் சரிவரக் கேட்டறியவில்லை. தேரோட்டத்தை நூறு முழத் தொலைவிலிருந்து கண்டு கைகூப்பியவரின் வரலாறும், தம் ஊரில் தாமே வைரவர் சூலம் நாட்டிப் பொங்கியவரின் வரலாறும் அந்தக் குடும்பங்களின் மலர்களிலன்றி வேறெங்கும் வரப்போவதில்லை. மறைந்தவரைத் தூயவராக்கி வைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்ற எண்ணம் பரவலானது. அது மரியாதைபோல் தோன்றும் மறதி.

கத்தோலிக்கக் குடும்பங்களிலும் முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலியை ஒட்டி இத்தகைய மலர்கள் வெளிவருகின்றன. தேவாரத்தின் இடத்தில் செபமாலையும் திருப்பாடல்களும் நிற்குமேயன்றி, அடைமொழிகளில் வேறுபாடு அதிகமில்லை. ஆதலால் மேலே சொன்னவை அங்கும் பொருந்தும்.

இனி, முதற் சான்றாளரைப் பற்றி. கணவர் மறைந்த வீட்டில் முப்பத்தொரு நாளும் அனைவரும் அவருடைய மனைவியைச் சுற்றியே இருக்கிறார்கள். ஆனால் எவரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. எட்டாம் நாளின் எட்டுச் செலவுக்கு எதைச் சமைப்பது என்பதுவரை ஆலோசிக்கப்படும். மலரில் என்ன எழுதுவது என்பது ஆலோசிக்கப்படாது. வாழ்க்கைச் சரிதத்தை ஓய்வுபெற்ற அதிபரான உறவினர் எழுதுவார். அவர் அறிந்தது மறைந்தவரின் உத்தியோகத்தையும் பதவிகளையும். அறுபது ஆண்டுகள் பக்கத்தில் படுத்துறங்கியவர் அறிந்தது வேறு: இரவில் எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தத் தேவாரத்தை மனப்பாடமாகச் சொல்லும்போது எந்த இடத்தில் தடுமாறினார், கோபம் வந்தால் எத்தனை நாள் பேசாதிருந்தார், முதலில் பேசியவர் யார் என்பன. கணவரின் பெயரைச் சொல்லாத தலைமுறையைச் சேர்ந்த பெண் அவர். ‘இஞ்சாருங்கோ’ என்றே வாழ்நாள் முழுதும் அழைத்தவர். ‘அவர்’ என்ற ஒரே சொல்லால் அந்த மனிதரையும் சில வேளை முருகனையும் குறித்தவர். அவரிடம் கேட்பதற்கும் ஒரு முறை வேண்டும். ‘அப்பப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ’ என்று கேட்டால், நல்ல மனுசன் என்ற விடையோடு அது முடிந்துவிடும். பொருளைக் காட்டிக் கேட்கவேண்டும்: அவருடைய சாய்மனைக் கதிரை, கண்ணாடி, பழைய பஞ்சாங்கம், திருநீறு மடித்து வைத்த கடதாசி. கேட்டதை அவருடைய பேச்சுத்தமிழிலேயே எழுதுவது உகந்தது. செந்தமிழாக்கினால் புலவரின் விருத்தம் செய்த பிழையை உரைநடையில் செய்ததாகும். அவர் பேச விரும்பாதவிடத்து நிறுத்திவிடவேண்டும். எல்லாவற்றையும் அச்சிடுவதற்கும் அனுமதி வேண்டும். நீண்ட இல்லறத்தில் மலருக்கு உரியதல்லாத பகுதிகளும் உண்டு. எது எது என்று தீர்ப்பவர் அவர் ஒருவரே.

சில குடும்பங்களில் மனைவி முன்பே மறைந்திருப்பார். மனைவியை இழந்த கணவனின் நிலையைத் தபுதாரநிலை என்று பழந்தமிழ் இலக்கணம் தனித்துறையாகவே வைத்திருக்கிறது. அவர் போனபின் இவர் எத்தனை ஆண்டு, எவ்வாறு வாழ்ந்தார், அவர் வளர்த்த நந்தியாவட்டைக்கு நீர் ஊற்றியவர் யார், சித்திரைப் பௌர்ணமியில் பிள்ளைகள் தாய்க்கு நோன்பிருந்தபோது இவர் என்ன செய்தார் என்பவற்றைப் பிள்ளைகளிடமும் அயலாரிடமும் கேட்டறியலாம்.

திதியைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் இடையிலான கோணத் தொலைவு பன்னிரண்டு பாகை கூடும் காலம் ஒரு திதி. அது ஏறத்தாழ 19 முதல் 26 மணி நேரம் வரை நீளும். இறந்த மாதமும், பூர்வபக்கமா அபரபக்கமா, அதாவது வளர்பிறையா தேய்பிறையா என்பதும், அந்தப் பக்கத்தில் எத்தனையாவது திதி என்பதும் சேர்ந்தே ஆண்டுத் திவசத்துக்கான நாளைத் தருகின்றன. இதனை மறவாதிருக்கவே முன்னோர் வெண்பாவில் கட்டிவைத்தார்கள். ரொறன்ரோவின் நேரம் யாழ்ப்பாணத்தைவிட ஒன்பதரை அல்லது பத்தரை மணி பிந்தியது. ஆகவே அங்கே இறந்தவரின் திதியை ஊரிலுள்ளவர் தம் நேரப்படி கணித்தால் ஒரு நாள் பிறழக்கூடும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் இடையே வேறுபாடு எழுவதும் உண்டு. இறந்த இடம், அந்த இடத்து நேரம், கணித்த பஞ்சாங்கம் ஆகிய மூன்றையும் மலரில் எழுதிவிட்டால், பிற்காலத்தில் திவச நாளைப் பற்றித் தகராறு படவேண்டிய நிலை பேரப்பிள்ளைகளுக்கு வராது.

எல்லாவற்றுக்கும் இடையூறாக நிற்பது அவசரம். துயரமும் விருந்தினரும் விசாவும் விமானச் சீட்டும் நெருக்கும் ஒரு மாதத்துக்குள் ஒரு வாழ்க்கையை எழுதிவிட முடியாது. எழுத முயல்வதால்தான் முந்திய மலர் ஒன்றை எடுத்துப் பெயர்களை மாற்றும் பழக்கம் வந்தது. ஆதலால் இம்மடல் முன்வைக்கும் மாற்று எளியது. முப்பத்தோராம் நாளுக்குத் தோத்திரத் திரட்டு போதும். அவர் நாள்தோறும் ஓதிய பதிகங்களும் சிவபுராணமும் திதிக் குறிப்பும் ஒரு படமும் அடங்கிய எட்டுப் பக்கம் மரபுக்கும் மாறானதன்று. வரலாற்று மலரை ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது முதலாண்டு நினைவுக்கு, ஒத்திவைக்கலாம். பதினொரு மாதங்கள் கடிதங்களைத் திரட்டவும், பழைய நண்பர்களை அழைத்துப் பேசவும், ஊருக்குச் சென்று கோயில் மண்டபத்தைப் பார்க்கவும் போதுமானவை.

அச்சிட்ட பிரதிகள் உறவினர் வீடுகளின் அலுமாரிகளில் மட்டும் தங்கிவிடக்கூடாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அவற்றோடு ஈழத்தமிழர் தம்மைப் பற்றி எழுதிவைத்தவற்றில் எவ்வளவோ போயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து வெளியீடுகளை ஒளிப்பிரதி செய்து பாதுகாக்கும் பணியில் நினைவு மலர்களையும் ஒரு தனிவகையாகவே சேர்த்துவருகிறது. ஊர்களின் குறிச்சிப் பெயர்களையும், கொண்டு கொடுத்த குடும்பத் தொடர்புகளையும், எந்தப் பாடசாலையில் எவர் எந்நாளில் கற்பித்தார் என்பதையும் அறிய விரும்பும் ஆய்வாளர்கள் இன்று அவற்றையே புரட்டுகிறார்கள். அடைமொழிகளைத் தாண்டிச் செல்லும் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் உறவினர் பட்டியல் மட்டுமே.

ஆகவே, மலர் தொகுக்கும் பேரப்பிள்ளைகள் அச்சுப்பிரதி ஒன்றையேனும் அந்த எண்ணிம நூலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். அதில் ஊர், பிறந்த ஆண்டு, மறைந்த நாள், தொகுத்தவர் பெயர் ஆகியவை முதற்பக்கத்திலேயே இருக்கவேண்டும். மலர் ஓராண்டு காத்திருக்கலாம். அம்மம்மாவிடமும் அப்பாச்சியிடமும் கேட்கவேண்டியதை மட்டும் இந்த மாதத்திலேயே, வந்தவர்கள் எல்லாரும் போய் வீடு அடங்கிய ஒரு பிற்பகலில், பக்கத்தில் அமர்ந்து கேட்டுவிடவேண்டும்.